தோட்டத்து வீட்டில் கரண்டு பத்திரமா? கம்பம் முதல் மெயின் சுவிட்ச் வரை பார்க்க வேண்டியவை

அவிநாசி, பல்லடம், பொங்கலூர், காங்கயம், பெருமாநல்லூர் வட்டாரங்களில் தோட்டத்துச் சாளை என்பது இன்று வெறும் குடியிருப்பு அல்ல. முன்புறம் கட்டுத்தரை. பக்கத்தில் கிணற்று மோட்டார் அறை. பின்கட்டில் நான்கு விசைத்தறியோ, பனியன் தைக்கும் பவர் டேபிளோ ஓடிக்கொண்டிருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைக் காப்பாற்றுவது அந்தப் பின்கட்டு வருமானம்தான். ஆனால் இத்தனைக்கும் கரண்டு கொண்டுவரும் வயர், பல வீடுகளில், நான்கு விளக்கும் ஒரு ரேடியோவும் மட்டும் இருந்த காலத்தில் இழுத்த அதே வயர்.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கிய பின் கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. கவலை இறைத்த கிணறுகளில் படிப்படியாக மோட்டார் ஏறியது. விவசாயமும் நெசவும் ஒரே கம்பியில் பிழைக்கும் வட்டாரம் நம்முடையது. அந்தக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடம் பழுதாக இருந்தால் போவது ஒரு பல்போ ஒரு மோட்டாரோ அல்ல. தறிக்கூடம் எரியும், கறவை மாடு சாகும், துணி காயப்போடப் போன பெண்ணின் உயிர் போகும். எனவே கம்பத்திலிருந்து மெயின் சுவிட்ச் வரை வரிசையாக என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கு காண்போம். இவற்றில் பெரும்பாலானவை கண்ணால் பார்த்தும், காதால் கேட்டும், மூக்கால் முகர்ந்தும் அறியக்கூடியவை. எதையும் கையால் தொட வேண்டியதில்லை.

எது வாரியத்தின் பொறுப்பு, எது நம் பொறுப்பு?

கம்பம், கம்பத்திலிருந்து வரும் இணைப்பு, மீட்டர், மீட்டருக்கு முன்னுள்ள கட்-அவுட் பீஸ் ஆகியவை மின்வாரியத்தின் பார்வைக்கு உட்பட்டவை. இவற்றின் முத்திரையை நாம் உடைக்கக் கூடாது. பழுது கண்டால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவான மின்னகம் எண் 94987 94987-க்கும் சொல்லலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நலம். மீட்டரைத் தாண்டிய மெயின் சுவிட்ச், வீட்டு ஒயரிங், எர்த் ஆகியவை நம் சொத்து, நம் பொறுப்பு. அங்கு வேலை செய்ய, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனையே அழைக்க வேண்டும். தோட்டத்து மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவரெல்லாம் மெயின் போர்டைத் தொடத் தகுதியுள்ளவர் ஆகிவிடமாட்டார்.

ஆடிக் காற்றும் சர்வீஸ் வயரும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று நம் பகுதியில் வைகாசி முதல் ஆவணி வரை ஓயாமல் அடிக்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பது இதை நம்பித்தான். அதே காற்று கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கும் சர்வீஸ் வயரை இரவும் பகலும் ஆட்டுகிறது. ஆடும் வயர் தென்னை மட்டையிலோ, ஓட்டு விளிம்பிலோ, தகரக் கூரையிலோ உரசினால் மேலுறை தேய்ந்துவிடும். மேலுறை வெயிலில் ஏற்கெனவே காய்ந்து வெடித்திருந்தால் ஒரு காற்றுக் காலமே போதும்.

தரையில் நின்றபடி கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

வயர் தொய்ந்திருக்கிறதா? 1956-ஆம் ஆண்டின் இந்திய மின் விதிகளும், பின்னர் 2010-ல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகளும் இதற்கு அளவு சொல்லியிருக்கின்றன. தாழ்வழுத்தக் கம்பி சாலையைக் குறுக்கே கடந்தால் தரையிலிருந்து 5.8 மீட்டர், அதாவது சுமார் 19 அடி உயரம் வேண்டும். வீட்டின் மேல் கம்பி சென்றால் கூரையின் உச்சிக்கு மேல் 2.5 மீட்டரும், பக்கவாட்டில் சென்றால் சுவரிலிருந்து 1.2 மீட்டரும் இடைவெளி வேண்டும். பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டியவர்களும், தறிக்கூடத்துக்குத் தகரம் போட்டவர்களும் இதை மறந்துவிடுகிறார்கள். கம்பி இறங்கவில்லை, வீடு அதை நோக்கி ஏறிவிட்டது. வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டரும், போர் போடும் வண்டியும் உங்கள் வாசலுக்கு வரும் வழியையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

வயரில் இடையில் முடிச்சு அல்லது ஒட்டு இருக்கிறதா? சர்வீஸ் வயர் கம்பத்திலிருந்து வீடு வரை ஒரே நீளமாக வர வேண்டும். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு, வெயிலுக்கும் மழைக்கும் ஓராண்டு தாங்காது.

வயரைத் தாங்கும் ஜி.ஐ. கம்பி எப்படி இருக்கிறது? இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் சர்வீஸ் வயர் தானாகத் தொங்குவதில்லை. கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையே இழுத்துக் கட்டிய ஜி.ஐ. கம்பியில் அது கோர்க்கப்பட்டோ கட்டப்பட்டோ வருகிறது. கட்டிய இடத்தில் மேலுறை தேய்ந்து உள்ளே இருக்கும் பேஸ் கம்பி ஜி.ஐ. கம்பியைத் தொட்டுவிட்டால், அந்தத் தாங்கு கம்பி முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். விளக்கு எரியும், விசிறி சுற்றும். வீட்டில் எந்தக் குறையும் தெரியாது. பீஸும் போகாது. தாங்கு கம்பியை மாட்டிய இரும்புப் பைப், அந்தப் பைப்பைத் தொடும் தகரக் கூரை, அந்தப் பைப்பில் கட்டிய துணிக்கொடி ஆகிய எல்லாவற்றிலும் கரண்டு நிற்கும். ஈரத் துணியைக் கொடியில் போட்டபோது நேர்ந்த மரணம் என்று நாம் செய்தியில் படிப்பவற்றில் பல இவ்வாறு நேர்ந்தவையே.

ஆகவே மூன்று காரியங்களை இன்றே செய்யலாம். துணிக்கொடி ஜி.ஐ. கம்பியாக இருந்தால் அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். கொடியை சர்வீஸ் பைப்பிலோ, மின் கம்பத்திலோ, அதன் இழுவைக் கம்பியிலோ கட்டாதீர்கள். தாங்கு கம்பி வீட்டில் வந்து முடியும் இடத்தில் பீங்கான் இன்சுலேட்டர் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

பைப்பின் வாய்

சர்வீஸ் வயர் வீட்டுக்குள் நுழையும் இரும்புப் பைப்பின் மேல்முனை கைத்தடியின் பிடிபோல் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். நேராக வானத்தைப் பார்த்து நின்றால் மழைநீர் பைப் வழியே நேரே மீட்டர் பெட்டிக்குள் இறங்கும். வயரும் பைப்புக்குள் நுழையுமுன் சற்றுத் தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். அப்போதுதான் வயர் வழியாக ஓடிவரும் நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். பைப்பின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அங்கே வயர் அறுபடும். அதற்கு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம் போடுவது வழக்கம். அது உதிர்ந்து போயிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் மீட்டர் பலகையின் கீழ்ச் சுவரில் துருக்கறை வழிந்திருந்தால், மேலே நீர் இறங்குகிறது என்று பொருள்.

மீட்டர் பலகை: சூடும் நிறமும் வாசனையும்

மெயின் இணைப்பில் தீப்பிடிப்பது பெரும்பாலும் வயரின் நடுவில் அல்ல. திருகு முடுக்கிய முனைகளில்தான். காரணம் எளிது. திருகு தளர்ந்தால் அங்கே மின்தடை கூடும். தடை உள்ள இடத்தில் சூடு பிறக்கும். அந்தச் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தளர்ந்த முனையில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். வீட்டில் 5 ஆம்பியர் ஓடும்போது அங்கே பிறக்கும் சூடு 12.5 வாட். இது தெரியவே தெரியாது. அதே வீட்டில் 20 ஆம்பியர் ஓடினால் சூடு நான்கு மடங்கு அல்ல, பதினாறு மடங்காகி 200 வாட் ஆகிறது. ஒரு 200 வாட் பல்பின் முழுச் சூடும் கட்டை விரல் அளவுள்ள பித்தளை முனைக்குள் அடைபட்டால் என்ன ஆகும்? பேக்லைட் கருகும், மேலுறை உருகும், பலகை பற்றிக்கொள்ளும். இதற்குப் பீஸ் காவல் இல்லை. 20 ஆம்பியர் என்பது பீஸுக்கு நியாயமான ஓட்டம்; அது போகாது.

அலுமினிய வயர் உள்ள வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. மேலும் அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும். இன்று முடுக்கிய திருகு சில ஆண்டுகளில் தானே தளர்ந்திருக்கும். தாமிர வயரையும் அலுமினிய வயரையும் நேராக முறுக்கி ஒட்டினால், ஈரம் பட்டு அந்த இடம் அரித்துப்போகும். இரண்டையும் சேர்க்க அதற்கென்று உள்ள இணைப்பானையோ லக்கையோதான் பயன்படுத்த வேண்டும்.

இதை நாம் எப்படி அறிவது? மீட்டர் பலகை அருகே மீன் அல்லது எரிந்த ரப்பர் போன்ற வாடை அடிக்கிறதா? வெள்ளை வயர் முனையில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கிறதா? மோட்டார் போடும்போது 'சிர்' என்ற ஓசை கேட்கிறதா? எல்லா விளக்கும் ஒருசேர மினுக்குகிறதா? மெயின் சுவிட்சின் மூடி அனலாக அடிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரிய சுமைகளை நிறுத்திவிட்டு வயர்மேனை அழைக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடும் காரியம் அல்ல இது.

தறி, பனியன் வேலை நடக்கும் வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. பஞ்சுத் தூசு எங்கும் படியும். மெயின் போர்டின் இண்டு இடுக்கில் படிந்த பஞ்சு, ஒரு சிறு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். மெயின் போர்டைத் தறிக்கூடத்துக்குள் வைக்காமல் வெளிச் சுவரில், மழை படாத இடத்தில், மூடியுள்ள பெட்டிக்குள் வைப்பது நலம். அதன் அடியில் துணிக்கட்டும், கோன் மூட்டையும், சாக்கும் அடுக்கக் கூடாது. போர்டைச் சுற்றி மூன்றடி இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

பீஸ் போடுவதில் நடக்கும் தவறு

பீஸ் என்பது வேண்டுமென்றே வைத்த பலவீனமான கண்ணி. வயர் எரிவதற்கு முன் அது எரிந்து வயரைக் காப்பாற்ற வேண்டும். அடிக்கடி பீஸ் போகிறது என்று வயரிலிருந்து இரண்டு தாமிர இழைகளை உருவிக் கட்டிவிட்டால், அப்புறம் எரிவது வயர்தான். அது சுவருக்குள் எரியும். பீஸ் கேரியரில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் அளவுக்கான ஈயம் பூசிய பீஸ் கம்பியையே போட வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று முறை பீஸ் போனால், குறை பீஸில் இல்லை. சுமையிலோ ஒயரிங்கிலோ இருக்கிறது.

பழைய இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சுகளில் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் பீஸ் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். இது ஆபத்து. நியூட்ரல் பீஸ் மட்டும் போனால் விளக்கு அணையும். கரண்டு போய்விட்டது என்று நினைத்துக் கை வைப்போம். ஆனால் பேஸ் உயிரோடு இருக்கும். நியூட்ரலில் தடித்த லிங்க் மட்டுமே இருக்க வேண்டும். மெயின் சுவிட்சை மாற்றும் நிலை வந்தால் பேஸையும் நியூட்ரலையும் ஒருசேர அறுக்கும் எம்.சி.பி. போடுவது மேல்.

சுமையைக் கூட்டிப் பாருங்கள்

நீங்களே ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். ஓவர்லாக் மிஷின் நான்கு, ஒன்றுக்கு 400 வாட் வீதம் 1,600. இஸ்திரிப் பெட்டி 1,000. வீட்டுக் குடிநீர் மோட்டார் இழுப்பது 1,000. மிக்சி அல்லது கிரைண்டர் 500. ஃபிரிட்ஜ் 200. விளக்கும் விசிறியும் 300. மொத்தம் 4,600 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் 20 ஆம்பியர். இத்துடன் 2,000 வாட் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் 6,600 வாட். ஏறத்தாழ 29 ஆம்பியர். மோட்டார்கள் கிளம்பும் நொடியில் ஓடும் ஓட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

இப்போது வெளியே போய்ப் பார்த்தால், வந்திருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் அலுமினிய வயராக இருக்கக்கூடும். அதற்கு 20 ஆம்பியர் என்பதே எல்லையைத் தொட்ட சுமை. 29 ஆம்பியர் தாங்காத சுமை. அலுமினியத்தின் கடத்தும் திறன் தாமிரத்தில் சுமார் 60 விழுக்காடுதான். எனவே அதே தடிமன் இருந்தாலும் தாமிரத்தைப் போல் தாங்கும் என்று எண்ண வேண்டாம்.

பளு கூடினால் வாரியத்தில் விண்ணப்பித்து அனுமதித்த மின்பளுவை உயர்த்திக்கொள்ள வேண்டும். வேண்டியிருந்தால் மும்முனை இணைப்பாக மாற்ற வேண்டும். வீட்டு இணைப்பில் பெரிய அளவில் பனியன் வேலை ஓட்டுவதும், விவசாய இணைப்பிலிருந்து தறிக்கு வயர் இழுப்பதும் சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வயர், அந்த பீஸ், அந்த எர்த் எதுவும் அந்த வேலைக்காகப் போட்டவை அல்ல என்பதே பெரிய ஆபத்து. டெபாசிட்டுக்கும் கட்டணத்துக்கும் பயந்து தள்ளிப்போட்டால், பின்பு கூடத்தையே திரும்பக் கட்ட வேண்டிவரும்.

நியூட்ரல் விட்டுப்போனால்

மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் நியூட்ரல் அறுந்தால் விபரீதம் நேரும். அப்போது ஒரு பேஸில் உள்ள சாமான்களும் இன்னொரு பேஸில் உள்ள சாமான்களும் 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்கின்றன. சுமை குறைந்த பக்கத்துக்கு 300 வோல்ட்டுக்கு மேல்கூடப் போகும். சில விளக்குகள் கண் கூசும்படி எரியும், சில மங்கும். இதைக் கண்டதும் ஒரு நொடியும் தாமதிக்காமல் மெயினை நிறுத்த வேண்டும். டி.வி., ஃபிரிட்ஜ், எல்.இ.டி. விளக்கு அனைத்தும் நிமிடக் கணக்கில் போய்விடும்.

ஒருமுனை இணைப்பில் நியூட்ரல் விட்டால் வீடு இருளும். ஆனால் டெஸ்டரை வைத்தால் ப்ளக்கின் இரண்டு துளைகளிலும் எரியும். கரண்டு இல்லை என்று நினைத்து வயரைப் பிரிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த நேரத்தில்தான். நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் கம்பியை மாட்டி விளக்கை எரியவைக்கும் கெட்டிக்காரத்தனத்தை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

எர்த்: நம் மண்ணின் குறை

எர்த் குழி தோண்டி, 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி இட்டு மூடுவது நாம் அறிந்த முறை. ஆனால் நம் பகுதி மழை மறைவுப் பூமி. பல்லடம், காங்கயம் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் ஓடக்கல்லும் கோடையில் எலும்பாய்க் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை ஏற்காது. தஞ்சாவூர் வண்டலில் வேலை செய்யும் எர்த் இங்கே வேலை செய்யும் என்று எண்ணக் கூடாது. முன்பு இரும்புத் தண்ணீர்க் குழாயிலும் எர்த் கம்பியை இணைத்திருந்தார்கள். இன்று குழாயெல்லாம் பிளாஸ்டிக். அந்த எர்த் எங்கோ அந்தரத்தில் நிற்கிறது.

எர்த்தின் தடை எவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மோட்டாரின் உள்ளே சுருள் பழுதாகி அதன் உடம்பில் கரண்டு இறங்கிவிட்டது என்போம். எர்த் தடை 5 ஓம் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 46 ஆம்பியர் பாயும், 15 ஆம்பியர் பீஸ் உடனே போய்விடும், ஆபத்து நீங்கும். எர்த் தடை 20 ஓம் என்றால் பாய்வது 11.5 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் பீஸ் அசையாது. மோட்டாரின் உடம்பு ஏறத்தாழ முழு வோல்ட்டேஜோடு நாள் முழுவதும் நிற்கும். எர்த் இருந்தும் இல்லாத நிலை இது.

பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டுப் பார்த்து 'எர்த் நன்றாக இருக்கிறது' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அந்தப் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. 20 ஓம் எர்த்திலும் அது பிரகாசமாகவே எரியும். எனவே பல்பு எரியாவிட்டால் எர்த் கெட்டது என்று உறுதி. எரிந்தால் நல்லது என்று உறுதி இல்லை. எர்த் டெஸ்டர் கருவி கொண்டு கோடையில், மண் காய்ந்திருக்கும்போது அளப்பதே சரி.

எர்த் குழி சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கட்டும். பைப்பின் மேல் புனல் வைத்து, கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பைப்பில் எர்த் கம்பியை இணைக்கும் போல்ட் துருப்பிடித்து விட்டுப்போவதே அதிகம். அதை ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டி முடுக்க வேண்டும். மும்முனை மோட்டாரின் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும்.

மோட்டார் அறை விளக்கும் மாடுகளும்

நியூட்ரல் வராத மோட்டார் அறையில் ஒரு பேஸையும் எர்த் பைப்பையும் சேர்த்து விளக்கு எரிப்பது பல தோட்டங்களில் உண்டு. பார்க்க எளிய காரியம். ஆனால் அந்த விளக்கின் கரண்டு முழுவதும் எர்த் கம்பி வழியே மண்ணில் இறங்குகிறது. எர்த் இணைப்பு விட்டுப்போன நாளில், பல்பின் வழியே வரும் கரண்டு எர்த் கம்பியிலும், அதில் இணைந்த மோட்டாரிலும், ஸ்டார்ட்டர் பெட்டியிலும், பைப்லைனிலும் நிற்கும். பாதுகாப்புக்காகப் போட்ட கம்பியே கொல்லும் கம்பியாகிவிடும். அந்த விளக்கை இன்றே கழற்றிவிடுங்கள். முறையான நியூட்ரல் வாங்கி அல்லது ஒரு சிறு சூரிய விளக்கு வைத்து வேலையை நடத்தலாம்.

மாடுகளுக்கு ஆபத்து நம்மைவிட அதிகம். மண்ணில் கரண்டு இறங்கும் இடத்தைச் சுற்றி, அடிக்கு அடி வோல்ட்டேஜ் மாறும். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஐந்தடி தூரம். அந்த ஐந்தடி வித்தியாசம் நேரே நெஞ்சு வழியே பாய்கிறது. நாம் செருப்போடு நின்று ஒன்றும் உணராத இடத்தில் எருமை சுருண்டு விழுவது இதனால்தான். எர்த் குழியருகிலும், மின் கம்பத்திலும், இழுவைக் கம்பியிலும் மாடு ஆடுகளைக் கட்டக் கூடாது. கட்டுத்தரையில் தண்ணீர்த் தொட்டியருகே மாடு வாய் வைக்கத் தயங்கி விலகினால், அங்கே கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல சமயம் மனிதருக்கு முன் மாடு அறிந்துவிடும்.

ஆர்.சி.டி. என்னும் காவலாளி

நம் மண்ணில் எர்த்தை மட்டும் நம்ப முடியாது என்று கண்டோம். அதற்கு மருந்துதான் கசிவு மின்னோட்டம் தடுக்கும் கருவி. கடைகளில் ஆர்.சி.டி. அல்லது ஆர்.சி.சி.பி. என்பார்கள். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று இது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் கண்டாலும் ஒரு நொடியில் சிறு பகுதிக்குள் இணைப்பை அறுத்துவிடும். சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாது. 100 மில்லி ஆம்பியர் இதயத்தை நிறுத்தவல்லது. 15 ஆம்பியர் பீஸ் மனிதனைக் காப்பாற்றாது. அது வயரைத்தான் காக்கும். மனிதனைக் காப்பது இந்தக் கருவி.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இது பொருத்திய இடத்துக்குப் பின்னால் உள்ளதையே காக்கும்; கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரைக் காக்காது. பேஸையும் நியூட்ரலையும் இரு கையால் ஒருசேரத் தொட்டால் இதற்குத் தெரியாது. அதிகச் சுமையையும் இது பார்க்காது, அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும். இதில் உள்ள 'டி' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் கருவி பழுது. ஒயரிங்கில் கசிவு இருந்தால் அடிக்கடி விழும். தொல்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவது, குரைக்கிறது என்று காவல் நாயை விரட்டுவதற்குச் சமம்.

ஜெனரேட்டர் உள்ளவர்கள்

2008-க்குப் பின் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டில் பலர் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அதைச் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஏதாவது ஒரு ப்ளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்டு கொடுப்பது பெருங்குற்றம். அந்தக் கரண்டு சர்வீஸ் வயர் வழியே திரும்பக் கம்பத்துக்கு ஏறும். டிரான்ஸ்பார்மரைத் தலைகீழாகக் கடந்தால் 11,000 வோல்ட்டாக மாறும். லைன் நிறுத்தியாகிவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் நிற்கும் தொழிலாளியின் உயிர் நம் கையில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

வயர்மேனிடம் என்ன கேட்பது?

மெகர் கருவியால் இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு ஒயரிங் முழுவதுக்கும் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். மரச்சட்டத்தில் ஓடும் பழைய ரப்பர் வயர் உள்ள வீடுகளில் ரப்பர் காய்ந்து, வளைத்தால் உதிரும். ஓட்டுக்கடியில் எலியும் அணிலும் கடித்திருக்கும். அத்தகைய ஒயரிங்கை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயல வேண்டாம். எர்த் தடை அளவு, மெகர் அளவு, பார்த்த தேதி மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி மெயின் பெட்டிக்குள் ஒட்டிவைத்தால், அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மண் மாதிரி அட்டை வைத்திருப்பதுபோல் இதுவும் ஒரு பழக்கமாகட்டும்.

கையில் பணம் குறைவு என்றால் எதை முதலில் செய்வது? செலவே இல்லாதவை: கொடிக் கம்பியை மாற்றுவது, எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, போர்டருகே உள்ள துணி மூட்டையை அகற்றுவது, சர்வீஸ் வயரைப் பற்றி வாரியத்துக்கு எழுதுவது. அடுத்தது, எல்லாத் திருகையும் முடுக்கி, எர்த் போல்ட்டைச் சரிசெய்வது. அதற்கடுத்தது ஆர்.சி.டி. பிறகு மெயின் சுவிட்சும், கடைசியாக முழு ஒயரிங்கும். வாங்கும் வயரிலும் சுவிட்சிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குக.

விபத்து நேர்ந்தால்

ஒருவர் கரண்டில் மாட்டிக்கொண்டால் பதறி அவரைத் தொடக் கூடாது. முதலில் மெயினை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் உலர்ந்த மரப்பலகை மேல் நின்று உலர்ந்த கட்டையால் விலக்க வேண்டும். மூச்சில்லை என்றால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 108-ஐ அழைக்க வேண்டும். மெயின் போர்டில் தீ என்றால் தண்ணீர் ஊற்றாமல் மணலை வீச வேண்டும். அறுந்து விழுந்த கம்பியிடம் யாரும் நெருங்கக் கூடாது. மாடு அங்கே விழுந்து கிடந்தாலும் ஓடிப்போய் அவிழ்க்க முயல வேண்டாம். வாரியத்துக்குச் சொல்லி லைன் நிறுத்தியது உறுதியான பின்பே செல்லலாம்.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், தைக்க வரும் பெண்களுக்கும் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி நிறுத்துவது என்று காட்டிவையுங்கள். வீட்டுக்காரர் சந்தைக்குப் போன நேரத்தில்தான் பெரும்பாலும் அது தேவைப்படும். சித்திரையில் ஒருமுறை காற்றுக்கு முன்னும், புரட்டாசியில் ஒருமுறை மழைக்கு முன்னும் கம்பம் முதல் மெயின் வரை சுற்றிப் பார்க்க அரைமணி நேரம் ஆகும். கிணற்று மோட்டாருக்கு எண்ணெய் விடவும் தறிக்குப் பட்டை மாற்றவும் நேரம் ஒதுக்கும் நாம், இதற்கும் அந்த அரைமணி நேரத்தை ஒதுக்குவது அவசியம்.